அலர்ஜி மாத்திரை கிருமியைக் கொல்லுமா? ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில்

ஏற்காடு டவுனைத் தாண்டி இன்னும் மேலே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. இரண்டு ஏக்கர் காபித் தோட்டம், நடுநடுவே மிளகு. வீட்டுக்காரர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், மலைக்கும் சேலத்துக்கும் தினம் ஒரு நடை. ஏழு வயதில் ஒரு பையன். கூட 66 வயது மாமியார்.

போன அக்டோபரில் பையனுக்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, அரைஞாண்கயிறு உரசும் இடம் என்று பொரிப்பொரியாக வந்திருக்கிறது. பகலில் சும்மா இருப்பவன் ராத்திரி படுத்ததும் சொறிந்து தள்ளுவானாம். பத்து நாளில் அது சீழ் வைத்து, தேன் வழிந்து காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குக் கட்டிவிட்டது. சேலத்தில் ஒரு டாக்டர் ஏழு நாளுக்கு ஆன்டிபயாடிக் சிரப்பும், அரிப்புக்குச் சிட்ரிசின் என்ற அலர்ஜி சிரப்பும் எழுதித் தந்திருக்கிறார். மூன்றாம் நாள் பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டுச் சிட்ரிசினை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் புண் காய்ந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, டி.ஃபார்ம் படிக்கும் கொழுந்தனார் மகன் போனில் ஒரு கட்டுரையை அனுப்பியிருக்கிறான். அலர்ஜி மாத்திரைகள் பாக்டீரியாவைக் கொல்கின்றன, உண்ணி கடித்து வரும் நோயின் கிருமியைக்கூடக் கொல்கின்றன என்று அதில் இருந்ததாம். 'அதுதான் கண்ணால் பார்த்தோமே' என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள். நவம்பரில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது பாராசிட்டமாலோடு காலையில் சிட்ரிசின், ராத்திரி அவில் என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை. ஆறாம் நாள் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. சேலம் ஜி.எச்.சில் சேர்த்தபோது அக்குளில் கருப்பாக ஒரு பொருக்கு இருந்ததைப் பார்த்து, ஸ்க்ரப் டைஃபஸ் என்று சொல்லி டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. 'ஏம்மா இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?' என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது என்கிறார்.

மாமியார் கதை தனி. தும்மலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் ராத்திரி ஒரு சிட்ரிசின் போடுகிறவர். தீபாவளி சமயம் கடை மூடியிருந்ததால் இரண்டு நாள் போடவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் தூங்க முடியவில்லை. மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கிவிட்டது. 'ரத்தத்தில் கிருமி இருக்கிறது, மாத்திரைதான் அமுக்கி வைத்திருக்கிறது' என்று அவரே முடிவு கட்டிவிட்டார். பையனுக்கும் சிரப்பை நிறுத்தினால் அரிப்பு திரும்புகிறது, அதனால் மூன்று மாதமாக நிறுத்தவில்லை. கடைசி வரியில், போகிற போக்கில், 'இப்போது எனக்கும் ராத்திரி கை அரிக்கிறது' என்று எழுதியிருக்கிறார்.

கேள்வி இதுதான்: சிட்ரிசின் கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா? கொல்லும் என்றால் வயிற்றைக் கெடுக்கும் ஆன்டிபயாடிக் எதற்கு? கொல்லாது என்றால் பையனின் புண் எப்படி ஆறியது? தினமும் கொடுத்தால் ஆகுமா? பழைய டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது, வேறு ஒருவரிடம் போனால் தப்பா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள நினைத்தேன், ஏனென்றால் ஒரு தோல் டாக்டருக்கு இந்த நாலு பக்கத்தில் அதுதான் பெரிய துப்பு. ஆனால் கட்டுரை விஷயத்தைத் தீர்க்காமல் அதற்குப் போனால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். சரி, அதிலிருந்தே வருகிறேன்.

கட்டுரை பொய் சொல்லவில்லை

கொழுந்தனார் மகனைத் திட்டியிருந்தால் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அவன் அனுப்பியதில் பொய் கிடையாது. அலர்ஜி மருந்துகளில் சிலவற்றுக்குப் பாக்டீரியாவை அடக்கும் குணம் இருப்பது புதுச் செய்தியும் இல்லை. 1970-களிலேயே கொல்கத்தாவில் ஆராய்ச்சியாளர்கள் பெனட்ரில் வகை மருந்துகளைக் கிருமிகள் மேல் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் விஷயம் சாயப்பட்டறைக்கே போய்ச் சேரும். மெத்திலின் ப்ளூ என்று ஒரு நீலச் சாயம், 1891-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் அதை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே சாயத்தின் ரசாயனக் குடும்பத்தில் 1940-களில் பிறந்ததுதான் ப்ரோமெத்தசின் என்ற தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து. பாட்டனார் கிருமியோடு மல்லுக்கட்டியவர் என்றால் பேரனுக்கும் கொஞ்சம் அந்தக் குணம் இருக்கத்தானே செய்யும்.

உண்ணி சமாசாரமும் உண்மைதான். 2015-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் டெஸ்லோரடடின் என்ற அலர்ஜி மருந்தை எடுத்து, உண்ணி கடித்து வரும் லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா என்ற கிருமி மேல் சோதனைக் குழாயில் போட்டார்கள். அந்தக் கிருமி விசித்திரமானது, மற்றவை இரும்புச் சத்துக்கு அலையும், இதற்கு மாங்கனீசு வேண்டும். அதை உள்ளே இழுத்துக்கொள்ள அது வைத்திருக்கும் வாசலை இந்த மருந்து அடைத்துவிட்டது, கிருமி பட்டினியில் செத்தது. கேட்க அருமையாக இருக்கிறது. லோரடடினை வைத்து இன்னொரு வேலையும் நடந்தது. வழக்கமான மருந்துக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை அது கொஞ்சம் பலவீனமாக்கி, பழைய ஆன்டிபயாடிக்குக்கு மறுபடி கட்டுப்பட வைத்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லோரடடின் அங்கே ஆன்டிபயாடிக்குக்குத் துணையாகப் போனது. அதன் இடத்தில் போய் உட்காரவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சோதனைக் குழாயில் இருந்தது டெஸ்லோரடடினும் லோரடடினும், உங்கள் வீட்டில் இருப்பது சிட்ரிசினும் அவிலும். அங்கே இருந்தது லைம் நோய்க் கிருமி, உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது வேறு. ஸ்க்ரப் டைஃபஸை நாம் தமிழில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லிப் பழகிவிட்டோம், அந்தப் பெயர்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று நினைக்கிறேன். மாட்டு மடியில் ஒட்டிக்கொண்டு பட்டாணி மாதிரி உப்பும் உண்ணி வேறு, புதரிலும் புல்லிலும் இருந்து கண்ணுக்கே தெரியாமல் ஏறும் இந்தக் குட்டிப் பூச்சி வேறு. அது விட்டுவிட்டுப் போகும் ஓரியன்ஷியா என்ற கிருமி நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துவது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவை செல்லுக்குள் போய் அதைப் பிடிக்கும். புண்ணுக்கும் தொண்டைக்கும் கொடுக்கும் அமாக்ஸிசிலினே அதை ஒன்றும் செய்யாது, அப்படியிருக்க சிட்ரிசின் எந்த மூலைக்கு?

ஊறுகாயில் உப்பு, ரசத்தில் உப்பு

கிருமியும் மருந்தும் பொருந்தினாலும் அளவு இடிக்கும். இதை நான் ஓ.பி.யில் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன். மாங்காய் ஊறுகாய் ஒரு வருடம் கெடாமல் இருக்கிறது, காரணம் உப்பு. ரசத்திலும் அதே உப்புதான் போடுகிறோம், மறுநாள் மதியம் நுரைத்துப் போகிறது. உப்பு கிருமியை அடக்குமா என்று கேட்டால் அடக்கும். ரசத்தில் போடும் உப்பு அடக்குமா என்று கேட்டால் அடக்காது.

பெரியவர் ஒருவர் 10 மில்லிகிராம் சிட்ரிசின் போட்டால், உச்சத்தில் அவர் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் 0.3 மைக்ரோகிராம் மருந்து இருக்கும். லோரடடின் என்றால் அதைவிடவும் மிகக் குறைவு. ஆய்வகத்தில் பழைய அலர்ஜி மருந்துகள் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிக்கு ஐம்பது, நூறு, இருநூறு மைக்ரோகிராம் என்று தேவைப்பட்டன. நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம், சில மருந்துகளுக்கு ஆயிரக்கணக்கில் போகும். அந்த அளவை உடம்பில் எட்ட வேண்டுமானால் மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்க வேண்டும். கிருமி சாவதற்கு முன்னால் ஆள் போய்விடுவார். அவில் போன்ற பழைய மருந்துகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'அப்படியானால் இரண்டாகப் போட்டால் கொல்லுமா' என்று அடுத்து யாராவது கேட்பார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 2018-ல் ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைக் குடலில் வாழும் 40 வகைப் பாக்டீரியாக்கள் மேல் சோதித்தார்கள். ஆன்டிபயாடிக் அல்லாத, மனித உடம்புக்கென்றே செய்த மருந்துகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று ஏதாவது ஒரு குடல் பாக்டீரியாவையாவது அடக்கியது. மாத்திரை முதலில் போய் இறங்குவது குடலில்தானே, அங்கே அதன் அளவு ரத்தத்தைவிட அதிகம். இப்படிப்பட்ட மருந்துகளைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும் பாக்டீரியா ஆன்டிபயாடிக்கையும் தாக்குப்பிடிக்கக்கூடும் என்ற கவலையையும் அவர்கள் சேர்த்தே எழுதினார்கள். ஆக, நீங்கள் நல்லது என்று நினைத்த அந்தக் குணம், இருந்தாலும்கூட, பக்கவிளைவு என்ற கணக்கில்தான் வரும்.

பையனுக்கு இருப்பது என்ன?

விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. ராத்திரியில் அரிப்பு. வீட்டில் இரண்டாவது ஆளுக்கும், அதாவது உங்களுக்கும், ராத்திரி அரிப்பு. நேரில் பார்க்காமல் எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேபிஸ், நம் பேச்சில் சொறி சிரங்கு, அதுதான் என் முதல் சந்தேகம். தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும் ஒரு நுண்ணிய பூச்சியால் வருவது. பாக்டீரியா இல்லை, அலர்ஜியும் இல்லை. இதைச் சொன்னால் பலர் 'நாங்கள் தினமும் குளிக்கிறோம் டாக்டர்' என்று முகம் சுளிப்பார்கள். குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பக்கத்தில் படுப்பதற்கும் கம்பளி பங்குபோடுவதற்கும்தான் சம்பந்தம். மலையில் ஐப்பசிக் குளிர் ஆரம்பித்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து ஒன்றுக்குள் இரண்டு பேராகப் படுப்பது எனக்குத் தெரியாததா என்ன.

சிரங்கை நகத்தால் கீறினால் தோல் திறந்துகொள்ளும், அந்த வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸோ ஸ்ட்ரெப்டோகாக்கஸோ உள்ளே போகும். அப்போதுதான் சீழும் தேன் நிறப் பொருக்கும் வரும். ஆக உங்கள் பையனுக்கு இருந்தது இரண்டு அடுக்கு நோய்: கீழே பூச்சி, மேலே பாக்டீரியா. மூன்று நாள் போன ஆன்டிபயாடிக் மேல் அடுக்கில் நிறைய வேலை செய்துவிட்டது. இந்த வகைப் புண் லேசாக இருந்தால் தானாகவும் ஆறக்கூடியது. சிட்ரிசின் அரிப்பைக் கொஞ்சம் குறைத்தது, சொறிவது குறைந்தது, புண் கிளறப்படாமல் காய்ந்தது. கிருமி மேல் கை வைக்காமலே புண் ஆற உதவியது என்று வேண்டுமானால் அதற்கு ஒரு பாராட்டு கொடுக்கலாம். கீழ் அடுக்கில் இருந்த பூச்சியை யாரும் தொடவில்லை. அதனால்தான் சிரப்பை நிறுத்தினால் அரிப்பு திரும்புகிறது. மூன்று மாதமாக மருந்து நோயை மூடி வைத்திருந்தது, அதற்குள் அது உங்கள் கைக்கும் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது இது. சேலம் அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அங்கேயோ உங்களுக்குத் தோதான தோல் டாக்டரிடமோ பையனையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போய்க் கையைக் காட்டுங்கள். ஸ்கேபிஸ்தான் என்று அவர் சொன்னால் வழக்கமாகத் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, தொப்புள், நகத்தின் அடி ஒன்றுவிடாமல் தடவி, ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முக்கியமானது, அரிப்பு இருக்கிறதோ இல்லையோ வீட்டில் நாலு பேரும் ஒரே ராத்திரியில் தடவ வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் சுற்றிச் சுற்றி வரும். மறுநாள் உடுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாத கம்பளியைச் சாக்கில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் தொடாமல் வைத்தால் போதும், பூச்சி மனித உடம்பை விட்டு வெளியே சில நாளுக்கு மேல் தாங்காது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பத் தடவாதீர்கள். அந்த நாலு வாரத்துக்குத்தான் சிட்ரிசினுக்கு நியாயமான வேலை, அளவை டாக்டர் பையனின் வயதுக்கும் எடைக்கும் தக்கபடி சொல்வார்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புண் வந்து போன பிள்ளைகளில் சிலருக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்குவது உண்டு. காலையில் எழும்போது கண் இமையும் முகமும் உப்பியிருந்தாலோ, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அக்டோபர்ப் புண்ணுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது, ஆனால் சிரங்கு இருக்கும் வரை புதுப் புண் வந்துகொண்டேதான் இருக்கும்.

வயிற்றுப்போக்கு அலர்ஜி இல்லை

கடிதத்தில் ஓரிடத்தில் 'அவனுக்கு அந்த ஆன்டிபயாடிக் அலர்ஜி' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைப் பள்ளிக்கூடப் பாரத்திலோ அடுத்த டாக்டரிடமோ சொல்லிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் தட்டிவிடுவதால் பேதி போவது சாதாரணம், குறிப்பாகக் கிளாவுலனிக் ஆசிட் சேர்ந்த சிரப்புகளில். அலர்ஜி என்றால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்குதல், மூச்சு இரைப்பு. பேதியை அலர்ஜி என்று ஒருமுறை சீட்டில் ஏற்றிவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அவனுக்குப் பென்சிலின் குடும்பத்தையே கொடுக்காமல் விலை கூடிய, வீரியம் கூடிய வேறு மருந்தாகவே எழுதுவார்கள். லேசான பேதி என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நாள் குறைக்கலாமா, மருந்தை மாற்றலாமா என்பதை அவர் சொல்லியிருப்பார். மூன்றே நாளில் நீங்களாக நிறுத்தியதைக் குற்றமாகச் சொல்லவில்லை, குழந்தைக்கு ஏழெட்டு முறை போனால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

அத்தையின் அரிப்பு

உங்கள் அத்தை விஷயத்தில் மாத்திரையே ஒரு விளையாட்டு விளையாடியிருக்கலாம். சிட்ரிசினையோ லீவோசிட்ரிசினையோ மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் போட்டுவிட்டு நிறுத்துகிறவர்களில் சிலருக்கு, முன்னே அரிப்பே இல்லாதிருந்தாலும், சில நாளுக்குள் கடுமையான அரிப்பு வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் எச்சரிக்கை வெளியிட்டது. அபூர்வம்தான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் அப்படியே இருக்கிறது: நீண்ட நாள் பழக்கம், திடீர் நிறுத்தம், இரண்டு நாளில் அரிப்பு, தடிப்பு இல்லை, மாத்திரை போட்டதும் அடக்கம். ரத்தத்தில் கிருமி என்று எதுவும் அமுங்கிக் கிடக்கவில்லை. உண்மையில் ரத்தத்தில் பாக்டீரியா இருந்தால் அத்தை அரிப்போடு உட்கார்ந்திருக்க மாட்டார், குளிர்க்காய்ச்சலில் வார்டில் இருப்பார்.

ஆனால் அதே வீட்டில் ஸ்கேபிஸ் இருக்கும் சந்தேகம் இருப்பதால் அவருடைய தோலையும் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்கலாம், சிலருக்கு அது பலன் கொடுத்திருக்கிறது. தும்மல்தான் மூல வியாதி என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பல பேருக்கு மாத்திரையைவிட நன்றாகக் கேட்கிறது. 66 வயதில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். சிட்ரிசின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வாங்கிய அவிலை மட்டும் அத்தைக்குக் கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு அது மயக்கம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, ராத்திரி எழுந்து போகும்போது தடுமாறி விழுவது என்று வரிசையாகக் கொண்டுவரும்.

இருபது வளைவும் ஒரு அவிலும்

வீட்டுக்காரர் பிழைத்து வந்தது நல்ல நேரம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு இன்னொரு பயமும் வந்தது. காய்ச்சலோடு மூன்று நாள் வண்டி ஓட்டினார், ராத்திரி அவில் போட்டுவிட்டு விடிகாலை லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவில், சி.பி.எம். (குளோர்ஃபெனிரமின்) போன்ற பழைய அலர்ஜி மருந்துகளின் மந்தம் மறுநாள் காலை வரைக்கும் இருக்கும், 'எனக்குத் தூக்கமே வரவில்லை' என்று சொல்கிறவருக்கும் பிரேக்கில் கால் போவது தாமதமாகும். மருந்து மயக்கத்தில் கட்டுப்பாடில்லாமல் ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் வரும், சாராயம் மட்டும் இல்லை. அலர்ஜிக்கு மாத்திரை வேண்டியிருந்தால், வண்டி ஓட்டுகிறவர் என்று முதலிலேயே சொல்லித் தூக்கம் குறைவான மருந்தாகக் கேளுங்கள்.

அடுத்த முறை யாருக்காவது காய்ச்சல் வந்தால் சட்டையைக் கழற்றி அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரிக் கருப்புப் பொருக்கு, வலி இருக்காது. எல்லோருக்கும் அது வருவதில்லை, அதனால் இல்லை என்றாலும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஏற்காடு அரசு மருத்துவமனைக்காவது போங்கள். போனதும் 'காபித் தோட்டத்தில் வேலை' என்று நீங்களாகவே சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை டாக்டரின் யோசனையை உடனே திருப்பிவிடும். டாக்ஸிசைக்ளின் விலை மலிவான மாத்திரை, சரியான நேரத்தில் போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும். இப்போது பழம் பறிக்கும் சமயம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், கஞ்சி குடிக்கப் புல் மேல் உட்காராமல் சாக்கை விரித்து உட்காருங்கள், வந்ததும் துணியை மாற்றிக் குளித்துவிடுங்கள்.

டாக்டரை மாற்றுவது பற்றி

கூச்சப்பட ஒன்றுமில்லை. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை, இதற்காகக் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் திரும்பப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. பழைய சிகிச்சை விவரத்தை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ம் வருட ஒழுங்குமுறையே சொல்கிறது, ஜி.எச். டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, போய்க் கேளுங்கள். ஆனால் பழைய டாக்டரிடமே போய் 'மூன்று நாளில் நிறுத்திவிட்டோம், அரிப்பு போகவில்லை' என்று சொன்னாலும் தப்பில்லை. முதல் தடவை சீழைத்தான் பார்த்திருப்பார், வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை அப்போது. இப்போது போனால் அவருக்கே பிடிபட்டுவிடும்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையை ஓரம் கத்தரித்து, பெயர் இருக்கும் பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கமாகக் கேளுங்கள், பில்லும் கேளுங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சுவாக்கில் 'நாலு மாத்திரை கொடுங்க' என்று கேட்டு வாங்குவதும், கடைக்காரர் கொடுப்பதும் நம் ஊரில் சகஜமாகிவிட்டது, இப்படி மருந்தைத் தப்பாகப் போட்டுக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பாதி தீர்ந்த சிரப் பாட்டில்களையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கொழுந்தனார் மகனுக்கு லீவு என்றால் அவனையும் கூட்டிப்போய், எந்த மருந்து, எந்தக் கிருமி, மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று அந்தக் கட்டுரையில் பென்சிலால் கோடு போட்டு வரச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் நிற்கப் போகிற பையன், இந்தக் கணக்கு அவனுக்குத் தினமும் வேண்டியிருக்கும்.